நாலு இடுப்பு, ஒரு தும்மல்

மார்ச் 5

அண்ணிக்கு,

மார்ச் 4, காலை 9 மணி 42 நிமிடம். நாலு பேர் ஒரே நொடியில் தும்மியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி விரிப்புகள் துவைக்கிற உங்கள் சலவைக்கூடத்தில் அறுபது பெண்களின் இடுப்பிலும் ஒரு கிளிப் இருக்கிறது. நீங்கள் குனிவதையும் நிமிர்வதையும் அது தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறது. அதைப் படிக்கிற புரோகிராமை எழுதியவர்களில் நானும் ஒருவன். இது உங்களுக்குத் தெரியாததல்ல. கோபத்தில் மறந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

தும்மல் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். குனிந்து எடுத்தால் திரையில் வரும் கோடு மெதுவாக இறங்கி ஏறும். தும்மினால் ஊசி குத்தின மாதிரி ஒரே எகிறல். நாலு கிளிப்பில் அதே எகிறல், அதே உயரம், அதே நொடி. நாலில் ஒன்று உங்களுடையது. ஒரு தும்மலுக்கு நாலு இடுப்பு இருக்க முடியாது. ஆக, நாலு கிளிப்பையும் ஒரே ஆள் மாட்டியிருக்கிறார்.

யார் அது?

போனில் கேட்டிருப்பேன். நீங்கள் எடுப்பதில்லை. அண்ணனிடம் கேட்டால், "எனக்கு ரோட்டுலதான்டா பஸ் ஓட்டத் தெரியும், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓட்டத் தெரியாது" என்று வைத்துவிடுகிறார். அதனால் கடிதம். பள்ளிக்கூடப் பரீட்சையில் "விடுப்பு விண்ணப்பம் வரைக" என்று கேட்டதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான்.

ஜனவரியில் அளவுக்கு மீறிக் குனிந்ததாக உங்கள் பெயர் திரையில் மூன்று முறை சிவப்பானது. சிஸ்டம் இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தது. அது உங்கள் முதுகைக் காப்பாற்றத்தான். அன்று சாப்பிடும்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். தட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எழுந்து போனது அதற்குப் பதில் ஆகாது.

இப்போது அவசரம். பிப்ரவரி முழுக்க உங்கள் கூடம் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்து இங்கே எங்கள் மேனேஜர், "இவங்களுக்கு வேலை லேசா இருக்கு போல" என்கிறார். ஏப்ரல் முதல் கூடத்தின் வேலை வேகத்தைக் கூட்டப் போகிறார்கள். அந்தப் பச்சை பொய் என்றால் எனக்கு உடனே தெரிய வேண்டும்.

முதுகு எப்படி இருக்கிறது?

கொழுந்தன்


மார்ச் 9

இன்ஜினியர் அவர்களுக்கு,

உங்க கடிதம் கிடைச்சது. உங்க அண்ணன் வாசல்லயே பிரிச்சுப் படிச்சுட்டு, "இது கடிதமா, போலீஸ் சம்மனா?"ன்னு கேட்டார்.

தும்மினது கொக்கு. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல உயரம், நிமிர்ந்த நடை. இஸ்திரி ரோலர் பக்கத்துல நிக்கிற வேலை, குனிய வேண்டியதே இல்லை. காலையில வந்ததும் எங்க மூணு பேர் கிளிப்பையும் வாங்கித் தன்னோடதுக்குப் பக்கத்துல வரிசையா மாட்டிக்குவா. மேல நீளமா ஒரு கோட்டு. "நான் என்ன, துணி காயப்போடுற கொடியாடி?"ன்னு தினம் கேப்பா. தினம் மாட்டிக்குவா.

ஓய்வு கொடுத்தோம்னு எழுதியிருக்கீங்க. எப்படிக் கொடுத்தீங்கன்னு சொல்றேன். காலையில கேட்ல அட்டையைத் தேய்ச்சேன். கதவு திறக்கல. "ஓய்வு"ன்னு திரையில வந்துச்சு. பின்னால பெரிய வரிசை. "தள்ளி நில்லும்மா, மத்தவங்க போகட்டும்"னு செக்யூரிட்டி சொன்னார். ஏதோ திருடி மாட்டிக்கிட்டவளைப் பாக்குற மாதிரி எல்லாரும் என்னைப் பாத்துக்கிட்டே உள்ள போனாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்தா அதே டிராலி, அதே ஈரத்துணி. நான் மட்டும்தான் ஓய்வு எடுத்தேன், டிராலி எடுக்கல. மறுபடி சிவப்பானா, வேலைக்குத் தகுதியான்னு பரிசோதனையாம். அதுக்குப் போன யாரும் இதுவரைக்கும் திரும்பி வரல. அதனாலதான் கொக்கு.

இன்னொண்ணு. போன வெள்ளிக்கிழமை திரையில என் போட்டோ. "இந்த வாரத்தின் சிறந்த முதுகு." எல்லாரும் கை தட்டினாங்க. செருப்பு வாரை மாட்டக் குனிய முடியாம உங்க அண்ணனைக் கூப்பிடுறவ நான். கை தட்டினவங்கள்ல பாதிப் பேருக்கு அது தெரியும். கொக்கு சிரிப்பை அடக்க முடியாம பாத்ரூமுக்கு ஓடிட்டா.

வேகம் கூட்டப் போறது உங்க கடிதத்துலதான் தெரிஞ்சது. இங்க யாரும் மூச்சு விடல. நீங்க மேல சொன்னா நாலு பேர் வெளிய போவோம். சொல்லலைன்னா வேகம் கூடும். படிச்சவர் நீங்களே ஒரு வழி சொல்லுங்க.

முதுகு இருக்கிற இடத்துலதான் இருக்கு.

உங்க அண்ணன் மனைவி


மார்ச் 13

அண்ணிக்கு,

என்னை எப்போதும் "நீ" என்றுதான் சொல்வீர்கள். இந்தக் கடிதம் முழுக்க "நீங்க". கோபம் புரிகிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

கேட் பூட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் எழுதியது "ஓய்வு தரலாம்" என்று. அந்த "தரலாம்" யார் கையில் பூட்டாக மாறியது என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

ஆனால் நீங்கள் செய்ததும் தப்பு. காய்ச்சல்காரி தர்மாமீட்டரை அடுத்தவள் வாயில் வைத்தால் டாக்டர் என்ன மருந்து கொடுப்பார்? உங்கள் கூடத்துக்கு இப்போது அதுதான் நடக்கிறது. நீங்கள் பச்சை காட்டினீர்கள், மேனேஜர் வேகத்தைக் கூட்டுகிறார்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது இடுப்பு ஆடுகிற விதம் ஆளுக்கு ஆள் வேறு. அதை வைத்து, கிளிப்பை மாட்டியிருப்பது உரியவர்தானா என்று கண்டுபிடிக்க முடியுமா என்று மேனேஜர் கேட்டார். இரண்டு நாளில் எழுதிவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது. 25ஆம் தேதி அதைப் போடப் போகிறார்கள். தும்மலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைப் போட்டுவிட்டால் நான் சொல்ல வேண்டியதே இல்லை.

அதற்குள் நீங்களே போய், முதுகு வலிக்கிறது, லேசான வேலை கொடுங்கள் என்று கேளுங்கள். மற்ற இரண்டு பேரும் கேட்கட்டும். எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் வழி.

கொழுந்தன்

பி.கு. சிறந்த முதுகு விஷயத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். செருப்பு வார் வந்ததும் நிறுத்திவிட்டேன்.


மார்ச் 18

தம்பிக்கு,

படுத்துக்கிட்டு எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்குங்க.

நேத்து மத்தியானம் டிராலி அடியில கிடந்த கடைசிப் போர்வையை எடுக்கக் குனிஞ்சேன். நனைஞ்ச போர்வை ஒண்ணு ஒரு குழந்தையோட கனம் இருக்கும். பாதி தூக்கும்போது இடுப்புல பட்டுனு பிடிச்சுது. அவ்வளவுதான், நிமிர முடியல. தலையை டிராலிக்குள்ள விட்டபடி அப்படியே நின்னேன். பக்கத்துல இருந்தவ, "என்னடி, உள்ள புதையலா கிடக்கு?"ன்னு கேட்டா. பதில் வரலைன்னதும்தான் ஓடி வந்தாங்க. காஞ்ச துணிக் குவியல் மேல படுக்க வெச்சாங்க. நேர் மேல திரை. என் பேர் பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும், ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. கால் விரல் எல்லாம் அசையுது, பயப்படாதீங்க. நீங்க அழ மாட்டீங்கன்னு தெரியும். உங்க அண்ணன் ரெண்டு பேருக்கும் சேத்து அழுதுட்டார்.

விபத்து அறிக்கையில "பணியின்போது அல்ல"ன்னு எழுதியிருக்காங்க. நேத்து முழுக்க என் கிளிப் ஒரு தடவைகூடக் குனியலையாம். குனியாதவ முதுகு எப்படிப் பிடிக்கும்னு கேக்குறாங்க. அப்படின்னா வைத்தியம் எங்க பாடு. ஆறு வாரம் கழிச்சு வேலை இருக்குமாங்கிறதும் எங்க பாடு.

தர்மாமீட்டர்னு எழுதியிருந்தீங்க. சரிதான். ஒத்துக்கிறேன். ஆனா காய்ச்சல்னு சொன்னவளை வாசல்லயே நிறுத்துற ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருக்கு? அதை நீங்களும் ஒத்துக்குங்க.

உங்க நடை கண்டுபிடிக்கிற சமாச்சாரத்தைப் போட்டா, கிளிப் என்கிட்ட இல்லைன்னு தெரிஞ்சுபோயிடும். நான் பொய் சொல்லலைன்னு ஆகும். கூடவே கொக்குவும் மத்த ரெண்டு பேரும் போயிடுவாங்க. உங்க அண்ணன் உங்களைக் கெஞ்சினாலும் சரி, என் முதுகுக்காக அதைப் போடாதீங்க.

அண்ணி


மார்ச் 23

அண்ணிக்கு,

உங்களைப் பார்க்க வந்துவிட்டு நேற்று நான் கிளம்பும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நடிப்பு என்று உங்கள் மகள் சொல்கிறாள்.

உங்களிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன். வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் சலவைக்கூடத்தில் ஒரு ஷிப்ட் நின்றேன். உங்கள் டிராலி, உங்கள் இடம், இடுப்பில் எனக்கென்று ஒரு கிளிப். டீ இடைவேளை வருவதற்குள் சிவப்பாகிவிட்டேன். தினமும் உடற்பயிற்சி செய்கிறவன் நான். கொக்கு அக்கா வந்து, "குடுங்க தம்பி, மூணோட நாலா இதையும் மாட்டிக்கிறேன்" என்றார். கூடமே சிரித்தது. என்னால் நிமிர்ந்து சிரிக்க முடியவில்லை.

ரயிலில் திரும்பும்போது ஜனவரி டேட்டாவைத் திறந்தேன். கிளிப்புகள் கை மாறத் தொடங்காத மாதம். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். யார் குனிந்தார் என்று பார்க்காமல், எங்கே குனிந்தார்கள் என்று மட்டும் பார்த்தேன். இடம் காட்டுகிற வசதி கிளிப்பில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. எங்களில் ஒருவர்கூட அதைத் திறந்தது இல்லை.

இருபது வயதானாலும் ஐம்பது வயதானாலும், உயரமோ குள்ளமோ, சிவப்பில் முக்கால்வாசி ஒரே இடத்தில் விழுகிறது. துவைக்கிற டிரம்முக்கு முன்னால் நிற்கிற டிராலி. அதிலும் முழங்காலுக்குக் கீழே கிடக்கிற கடைசிக் கால்பங்குத் துணி. வேகம்தான் காரணம் என்று நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள். சில பேருடைய முதுகு சரியில்லை என்று மேனேஜர் சொன்னார். நான் மேனேஜர் சொன்னதை நம்பினேன். வேகம் அதை மோசமாக்குகிறது, உண்மை. ஆனால் ஆரம்பம் டிராலியின் ஆழத்தில் இருக்கிறது. அண்ணி, உங்களுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொருத்தரை நிறுத்தினோம். அவரும் சிவப்பானார். அவருக்கும் ஓய்வு கொடுத்தோம்.

இன்று காலை மேனேஜரைப் பார்த்தேன். இரண்டு விஷயம் சொன்னேன். நடையைக் கண்டுபிடிக்கிற புரோகிராம் வேலை செய்கிறது. அதை நான் போட மாட்டேன்.

"அப்ப எதுக்குய்யா எழுதினே?" என்றார்.

"எழுத முடியுமான்னு கேட்டீங்க, எழுதினேன். போடலாமான்னு நீங்களும் கேக்கல, நானும் யோசிக்கல."

அவர் கெட்டவர் இல்லை. திரையில் பச்சையைப் பார்த்தால் நிம்மதி ஆகிவிடுகிறவர், அவ்வளவுதான். டிராலிக்கு முன்னால் சிவப்பு குவிகிற படத்தைக் காட்டினேன், ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். 25ஆம் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார். "ஜனவரியில இவ்வளவு சிவப்பு, பிப்ரவரியில எங்க போச்சு?" என்று கேட்கிறார். வியாழக்கிழமை அதைக் கேட்கவே நேரில் அங்கே வருகிறார்.

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது என்னுடையது இல்லை. சொல்வதா வேண்டாமா என்று உங்கள் ஆட்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன். உங்கள் விபத்து அறிக்கை அப்படியே நிற்கும், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொழுந்தன்


மார்ச் 29

தம்பிக்கு,

நடிப்புதான். நீ அழுதுட்டா என்ன பண்றதுன்னு பயந்து கண்ணை மூடிக்கிட்டேன்.

உன் கடிதத்தைக் கொக்குகிட்ட கொடுத்தனுப்பினேன். புதன்கிழமை கேன்டீன்ல எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டியிருக்கா. "போட மாட்டேன்"கிற இடத்தை ரெண்டு தடவை படிச்சாளாம். உன்னை இப்ப எல்லாரும் நல்ல பையன்னு சொல்றாங்க. நான் எதுவும் சொல்லல.

வியாழக்கிழமை மேனேஜர் வந்தார். நான் வீட்ல இருந்தேன், அவங்க சொன்னதைச் சொல்றேன். பிப்ரவரி ஏன் பச்சைன்னு கேட்டிருக்கார்.   கொக்கு முன்னால வந்து கோட்டைத் திறந்து காட்டியிருக்கா. வரிசையா மூணு கிளிப். என்னோடது இல்லாததால ஒண்ணு குறைச்சல்.

"நாலாம் தேதி தும்மினது நான்தான் சார். அன்னைக்கு நாலும் என்கிட்ட இருந்துச்சு."

அவருக்குத் தும்மல் சமாச்சாரம் எதுவும் தெரியாதில்ல, முழிச்சிருக்கார். அதுக்குள்ள மடிக்கிற மேசையில இருந்து ஒருத்தி, "என்னோடது டீ கெட்டில் பக்கத்துல தொங்கும் சார்"னா. "நான் என் நாத்தனாரோடதையும் சேத்து மாட்டுவேன்"னு இன்னொருத்தி. நாலு பேர்னு நானும் நெனச்சேன், நீயும் நெனச்சே. பத்தொம்பது பேர் கையைத் தூக்கியிருக்காங்க, தம்பி. ஒருத்திக்கு ஒருத்தி தெரியாம.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாராம். "அப்ப பச்சை யாரு?"ன்னு கேட்டிருக்கார்.

"யாருமே இல்ல சார்"னாளாம் கொக்கு.

பத்தொம்பது பேரை வெளிய அனுப்பினா மறுநாள் எந்த ஆஸ்பத்திரிக்கும் விரிப்பு போகாது. அதை அவரும் மனசுல கணக்குப் போட்டிருப்பார். கோபப்பட்டார்தான். ஆனா டிராலிக்குள்ள கையை விட்டு ஒரு போர்வையை எடுத்தும் பாத்தாராம். டை உள்ள விழுந்து நனைஞ்சுதாம். அதுக்கப்புறம் பேச்சு மாறியிருக்கு.

என் அறிக்கையைத் திருத்திட்டாங்க. "பணியின்போது." அந்த ஒரு வார்த்தையைப் பாத்த அப்புறம்தான் முதுகு கொஞ்சம் இளகுச்சு. வைத்தியம் அவங்க பொறுப்பு, வேலை எனக்காகக் காத்திருக்கும்னு கையெழுத்தோட வந்திருக்கு. உங்க அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு பஸ்ஸுக்கே லேட்டாப் போனார்.

கிளிப்ல இனி பேர் கிடையாது. கூடையில கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்க வேண்டியதுதான். திரையில ஆளுக்குப் பதிலா இடம் தெரியும். சிவப்பானா கேட் பூட்டாது, அந்த டிரம் நிக்கும். இனிமே எதை மாத்துறதா இருந்தாலும் எங்கள்ல மூணு பேரைக் கேக்கணும். மூணுல ஒருத்தி நான். படுத்துக்கிட்டே பதவிக்கு வந்தவ உன் அண்ணிதான். வேகத்தை ஜூன் வரைக்கும் தொட மாட்டாங்க. அப்புறம் என்னன்னு தெரியாது. ஜூன்ல நான் எழுந்து நிப்பேன், வந்து பேசட்டும்.

ரெண்டு கேள்வி இருக்கு. ஆழம்னு கண்டுபிடிச்சே, சரி. அதைக் குறைக்கிறது யாரு?

ரெண்டாவது, கொக்கு நேத்து என்னைப் பாக்க வந்தா. பேசினதைவிடத் தும்மினதுதான் அதிகம். அத்தனை பேர் இடுப்புலயும் மெஷினை வெச்சு அவ தும்மினதைக் கண்டுபிடிச்சியே, ஏன் தும்மினான்னு கேட்டியா?

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு,

கேட்கவில்லை.

அந்தத் தும்மல் எனக்கு ஆதாரமாக மட்டும்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் மூக்கும் நெஞ்சும் உள்ள ஒரு ஆள் இருப்பது தோன்றவே இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே பழைய கோடுகளை மறுபடி திறந்தேன். ரோலர் பக்கத்தில் நிற்கிற எல்லாருக்கும் அந்த ஊசி எகிறல் இருக்கிறது. திங்கட்கிழமை குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் பல மடங்கு. ஏன் என்று தேடினேன். துணியிலிருந்து பறக்கிற பஞ்சுத் தூசியைப் பிடிக்க அங்கே ஒரு வடிகட்டி இருக்கிறது. அதை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்வதும் எங்கள் சிஸ்டம்தான். வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, நடு வாரத்தில் நிரம்பினாலும் சனிக்கிழமைவரை காத்திரு என்று எழுதிவைத்திருக்கிறோம். மூன்று நாள் நிரம்பின வடிகட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொக்கு அக்கா உங்கள் முதுகுகளைச் சுமந்திருக்கிறார்.

டிராலிக்கு வழி இருக்கிறது. அடியில் ஸ்பிரிங் வைத்த டிராலி. துணி குறையக் குறைய அடித்தட்டு தானாக மேலே வரும், கடைசிப் போர்வையும் இடுப்பு உயரத்தில் கிடைக்கும். இதில் சிப் இல்லை, புரோகிராம் இல்லை, வெறும் ஸ்பிரிங். பல வருடமாகக் கடையில் விற்கிறது. இன்ஜினியருக்குக் கொஞ்சம் அவமானம்தான். ஆறு டிராலி சோதனைக்கு வருகிறது.

"நீ" என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை மேனேஜர் அறைக்குப் போவேன். வடிகட்டி நிரம்பினால் அன்றே மாற்ற வேண்டும், அதுவரை ரோலர் ஓடாது என்ற மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்காமல் வெளியே வர மாட்டேன்.

2. கொக்கு அக்காவைக் கூப்பிட்டு, எத்தனை நாளாகத் தும்முகிறார், மூச்சு வாங்குகிறதா, டாக்டரைப் பார்த்தாரா என்று கேட்பேன். அவருடைய சொந்தப் பெயரையும் கேட்பேன். இதுவரை எனக்கு அவர் நாலு கிளிப்பும் ஒரு பட்டப்பெயரும்தான்.

3. மற்ற ஊர்களில் இருக்கிற சலவைக்கூடங்களிலும் ஓய்வு என்றால் கேட் பூட்டிக்கொள்கிறது. அதை ஒவ்வொன்றாக எடுப்பேன். பரிசோதனைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியலைக் கேட்பேன்.

4. நடையைக் கண்டுபிடிக்கிற புரோகிராமை அழிப்பேன். இன்னொருவன் இரண்டு நாளில் மறுபடி எழுதிவிடுவான், தெரியும். அதனால் உங்கள் மூன்று பேர் சம்மதம் இல்லாமல் அப்படி ஒன்றை எழுதவே கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வேன். நீங்களும் மறக்காமல் கேளுங்கள்.

5. ஸ்பிரிங் டிராலி வருகிற அன்று வருவேன். முதல் ஷிப்ட் நான் தூக்குகிறேன். நல்லது என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறவரை வேறு எந்தக் கூடத்துக்கும் அது போகாது.

6. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். எடுங்கள். முதல் கேள்வி முதுகைப் பற்றி. "இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது" என்ற பதிலை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

கொழுந்தன்